பாரிஸ் பாந்தியோனின் விரிசல்: தூண் மெலிந்ததாலா, கல்லும் கல்லும் சேரும் இடம் கெட்டதாலா?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஆலயமாகக் கட்டத் தொடங்கி, இன்று பிரெஞ்சுப் பெருமக்களின் நினைவகமாக இருக்கும் பாரிஸ் பாந்தியோனைக் கட்டி முடிக்கும் முன்பே அதன் குவிமாடத்தைத் தாங்கும் தூண்கள் விரிசல் விட்டன என்றும், 1980களில் உள்ளே மேலிருந்து கல் துண்டுகள் விழுந்தன என்றும் படித்திருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, அதைக் கட்டிய சூஃப்ளோ கணக்குத் தெரியாதவரா, கல் கட்டடத்துக்குள் இரும்பை ஏன் வைத்தார் என்று கேட்கிறீர்கள். இவை இரண்டும் தனித்தனி நோய்கள் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். இடம் வேறு, காலம் வேறு, காரணமும் வேறு. முதலாவது நடுத்தூண்களில் கல்மேல் கல் உட்காரும் படுகை இணைப்பில் வந்தது. இரண்டாவது கல்லுக்குள் புதைந்திருந்த இரும்பில் வந்தது. சூஃப்ளோவின் கணக்கில் பெரிய பிழை இருந்ததாக இரண்டில் எதுவுமே காட்டவில்லை.

கட்டடத்தின் பின்னணி சுருக்கமாக. 1744-ல் மெத்ஸ் நகரில் நோயுற்ற பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயி, பிழைத்தால் பாரிஸின் காவல் புனிதரான ஜெனவியேவுக்குப் புதிய ஆலயம் கட்டுவதாக வேண்டிக்கொண்டார். 1755-ல் வேலை ஜாக்-ஜெர்மேன் சூஃப்ளோவிடம் வந்தது. 1713-ல் பிறந்த இவர் லியோன் நகரின் பெரிய மருத்துவமனையான ஒத்தெல்-தியுவின் நீண்ட முகப்பை வடிவமைத்துப் பெயர் பெற்றிருந்தார். 1741-லேயே லியோன் அகாதெமியில் இடைக்காலப் பேராலயங்களின் கோதிக் கட்டடக்கலையைப் பாராட்டி உரை நிகழ்த்தியவர். 1750-ல் தென் இத்தாலியின் பெஸ்தும் சென்று பழைய கிரேக்கக் கோயில்களை அளந்தவர். இந்த இரண்டு பயிற்சியும் அவரிடம் சேர்ந்தே இருந்தன. கிரேக்கத் தூண்களின் தூய்மையும் கோதிக் கட்டுமானத்தின் மெலிவும் ஒரே கட்டடத்தில் வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். அதற்கு முந்தைய ஆலயங்களில் சுவர்போலத் தடித்த சதுரத் தூண்களும் அவற்றில் ஒட்டிய அரைத்தூண்களும்தான் வழக்கம். 1753-ல் லோஜியே என்ற பாதிரியார் அந்த வழக்கத்தைக் கடுமையாகச் சாடி, தனித்து நிற்கும் தூணே உண்மையான கட்டடக்கலை என்று எழுதினார். சூஃப்ளோ அதைக் கல்லில் செய்துகாட்ட முயன்றார்.

தரை முதல் தடையாக வந்தது. ரோமானியர் காலத்துக் குயவர்கள் களிமண்ணுக்காகத் தோண்டிய ஆழமான கிணறுகள் அந்தக் குன்றில் ஆங்காங்கே இருந்தன. ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து, அடிவரை துப்புரவாக்கி, கல்கட்டால் நிரப்பி, அதன் பிறகே அஸ்திவாரம் எழுப்ப முடிந்தது. 1750களின் பின்பாதியில் தொடங்கிய வேலையில் பல ஆண்டுகள் நிலத்துக்கடியிலேயே போயின. 1764 செப்டம்பர் 6 அன்று அரசர் வந்து கல் நாட்டியபோது, முகமண்டபம் எப்படி இருக்கும் என்று காட்ட உண்மை அளவிலேயே துணியில் வரைந்து நிறுத்தியிருந்தார்கள். சிலுவை வடிவத் தரைப்படம், சுமார் 110 மீட்டர் நீளம், 84 மீட்டர் அகலம், முன்னால் 22 கொரிந்தியத் தூண்கள் கொண்ட முகமண்டபம், நடுவில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கல் குவிமாடங்கள், உச்சி 83 மீட்டர். குவிமாடத்தின் கழுத்தைச் சுற்றி மட்டும் 32 தூண்கள். வடிவம் ஒரே நாளில் முடிவானது அல்ல. குவிமாடத்தைச் சூஃப்ளோ பலமுறை மாற்றி வரைந்தார். முதலில் சிறியதாக இருந்தது, போகப்போக உயர்ந்தது.

இந்தக் குவிமாடம் முழுவதையும் நான்கு தாங்குதூண்கள் ஏந்துகின்றன. மூலவடிவத்தில் அவை முக்கோணத் தூண்கள். ஒவ்வொன்றோடும் மூன்று தூண்கள் ஒட்டியிருந்தன. உரோமின் புனித பேதுரு பேராலயத்தையோ லண்டனின் புனித பவுல் பேராலயத்தையோ பார்த்த கண்ணுக்கு இவை எலும்பும் தோலுமாகத் தெரிந்திருக்கும். 1770-ல் பியேர் பாத் என்ற கட்டடக்கலைஞர், இந்தத் தூண்கள் குவிமாடத்தைத் தாங்கா என்று அச்சிட்டு வெளியிட்டார். அவருடைய அளவுகோல் இத்தாலியக் கட்டடக்கலைஞர் கார்லோ ஃபொன்தானாவின் விகித விதி: இவ்வளவு விட்டமுள்ள குவிமாடத்துக்கு இவ்வளவு தடிமன் தூண் என்று பழைய கட்டடங்களை அளந்து எடுத்த விதி. குவிமாடத்தின் பக்கவாட்டு உதைப்பு தூண்களை வெளியே தள்ளிவிடும் என்பது அவர் பயம்.

சூஃப்ளோவின் தரப்பில் இருவர் நின்றார்கள். பாலப்பொறியாளர் பெரோனே, கோதிக் பேராலயங்களை விலங்கின் எலும்புக்கூட்டோடு ஒப்பிட்டார்: கனத்தால் அல்ல, அங்கங்கள் சரியான இடத்தில் அமைவதால் அவை நிற்கின்றன என்றார். இன்னொரு பொறியாளரான எமிலான் கோத்தே ஒருபடி மேலே போனார். நெம்புகோல் வைத்த ஒரு கருவியைக் கட்டி, சிறு கற்கட்டிகளை அதில் நசுக்கி, எந்தக் கல் எந்த எடையில் உடைகிறது என்று அளந்தார். இன்று எந்தக் கட்டுமானக் கூடத்திலும் கான்கிரீட் கட்டியை நசுக்கிச் சோதிக்கிறோம் அல்லவா, அதன் மூதாதை இது. விகிதத்தை விட்டுவிட்டு ‘இந்தக் கல் சதுர அங்குலத்துக்கு எவ்வளவு தாங்கும், அதன்மேல் எவ்வளவு ஏறுகிறது’ என்று கேட்கத் தொடங்கிய தலைமுறை இது. அந்த நூற்றாண்டின் நடுப்பகுதி எனக்கு இவ்வளவு பிடித்திருப்பதற்குக் காரணமே இந்த மாற்றம்தான்.

எண்களை நாமே போட்டுப் பார்க்கலாம். சுண்ணாம்புக்கல் ஒரு கன மீட்டர் சுமார் 2.3 டன். அதை 83 மீட்டர் உயரத்துக்கு நேராக அடுக்கினால் அடியில் சதுர மீட்டருக்கு 191 டன், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 19 கிலோ. மென்மையான சுண்ணாம்புக்கல்லே 50 முதல் 100 கிலோ வரை தாங்கும். கடினமான வகைகள் 300-ஐயும் தாண்டும். தூண்கள் தம்மைவிட அகலமான பரப்பின் எடையை ஏந்துவதால் உண்மையான அழுத்தம் இந்த 19-ஐவிடக் கூடும். சூஃப்ளோவுக்குப் பின் வேலையை முடித்த ரோந்தலே கணக்கிட்டபடி பாந்தியோன் தூண்களில் அது சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 29 கிலோ. அதே முறையில் லண்டன் புனித பவுலுக்கு 19, உரோமின் புனித பேதுருவுக்கு 16, பாரிஸின் அன்வலீத் குவிமாடத்துக்கு 15 வரும். சூஃப்ளோ துணிச்சலாகத்தான் போயிருக்கிறார், அதில் ஐயமில்லை. ஆனால் நல்ல கல்லை வைத்துக் கட்டினால் 29 கிலோ என்பது உடைபடும் அளவில் பத்தில் ஒரு பங்குதான்.

அப்படியிருந்தும் 1776 வாக்கில், குவிமாடம் இன்னும் எழாதபோதே, தூண்களில் விரிசல் தெரியத் தொடங்கியது. பாரம் ஏற ஏற அவை பெருகின. 1780 ஆகஸ்ட் 29 அன்று சூஃப்ளோ இறந்தார். பிரெபியோன், ரோந்தலே, சூஃப்ளோவின் உறவினர் ஒருவர் ஆகியோர் சேர்ந்து 1790-ல் கட்டடத்தை முடித்தார்கள். 1790களின் பின்பாதியில் நிலைமை மோசமாகி, வளைவுகளுக்கு அடியில் மரச்சாரம் கொடுத்துத் தாங்க வேண்டியதாயிற்று.

இனி காரணம். கற்தச்சரோடு வேலை செய்பவர்கள் இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். வெளியே தெரியும் இணைப்பு முடி அளவுக்கு மெல்லியதாக, கோடு போட்டதுபோல் இருக்க வேண்டும் என்பது அக்காலப் பிரெஞ்சுக் கல்வேலையின் பெருமை. ஒரு கல்லின் படுகை முகம் முழுவதையும் மட்டப்பலகை ஓட்டி ஒரே தளமாக்குவது பெரும் உழைப்பு. அதனால் வெளி விளிம்பில் சில விரல் அகலத்துக்கு மட்டும் நன்றாக மட்டம் பார்த்துவிட்டு, உட்பகுதியைச் சற்றே குழிவாகச் செதுக்கி விட்டுவிடுவார்கள். அந்தக் குழிவைச் சாந்து நிரப்பிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. கல்லை மட்டத்தில் நிறுத்த விளிம்பருகே ஆப்புகளும் வைப்பார்கள்.

சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி வெளியிலிருந்து உள்நோக்கி இறுகும். தடித்த தூணின் நடுவில் அது இறுகப் பல ஆண்டுகள் ஆகும்; இறுகும்போது சுருங்கவும் செய்யும். உள்ளே சாந்து சுருங்கி அமுங்க, விளிம்பில் கல்லும் கல்லும், அல்லது கல்லும் ஆப்பும், நேரடியாக மோதிக்கொள்கின்றன. முழுப் படுகையும் ஏந்த வேண்டிய எடையை விளிம்பு மட்டும் ஏந்துகிறது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரக் கல்லில் சுற்றிலும் 8 சென்டிமீட்டர் விளிம்பு மட்டும் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடும் பரப்பு மொத்தத்தில் 30 சதவீதத்துக்கும் குறைவு. 29 கிலோ என்று போட்ட அழுத்தம் அங்கே ஏறக்குறைய 100 கிலோ ஆகிவிடும். அதோடு, கல்லின் நடுப்பகுதியைச் சுற்றிலும் கல் அணைத்திருக்கிறது; விளிம்புக்கு வெளிப்பக்கத்தில் அணைப்பே இல்லை. அதனால் அது நசுங்குவதற்கு முன்பே சரிவாகச் சில்லு பெயர்ந்துவிடும். ஒரு சில்லு போனதும் பாரம் பக்கத்து இடத்துக்குத் தாவும், அங்கும் பெயரும். தூணின் முகத்தில் நேர்க்குத்தான விரிசல்களும், இணைப்புக் கோடுகளை ஒட்டிச் சில்லுகளும் பரவுவது இப்படித்தான். தூண்களை ஆராய்ந்த ரோந்தலே முதன்மையாகச் சுட்டியது இந்தக் குழிவான படுகையையும் ஆப்புகளையும்தான்.

ஆக, பாத் சொன்னது பலித்துவிட்டதா? கேடு வரும் என்றார், வந்தது. ஆனால் அவர் சொன்ன வழியாக வரவில்லை. உதைப்பால் தூண்கள் வெளியே சாய்ந்திருந்தால் வளைவுகளின் உச்சியில் அகன்ற பிளவும், தூண்களில் சாய்வும் தெரிந்திருக்க வேண்டும். கண்டது நேர்க்குத்தான நசுக்கம். என் மதிப்பீட்டில் சூஃப்ளோவின் வரைபடம் சரி, கணக்கும் சரி. அந்த மெலிவுக்குத் தேவையான கைவேலைக் கட்டுப்பாடு களத்தில் இல்லை. தடித்த தூணில் இதே கவனக்குறைவு நடந்திருந்தால் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். மெல்லிய தூண் பிழையை மன்னிக்காது. சூஃப்ளோமீது பழி சொல்ல வேண்டுமானால் இங்கேதான் சொல்லலாம்: கல்லின் வலுவைச் சோதித்த அளவுக்கு இணைப்பின் வலுவைச் சோதிக்கவில்லை. கோத்தேயின் கருவியில் உடைந்தது தனிக் கல். தூணில் வேலை செய்தது கல்லும் சாந்தும் ஆப்பும் சேர்ந்த அடுக்கு.

பழுதுபார்ப்பு 1806 முதல் 1812 வரை ரோந்தலேயின் பொறுப்பில் நடந்தது. மரச்சாரத்தில் பாரத்தை ஏற்றிக்கொண்டு, சிதைந்த கற்களை எடுத்து மாற்றி, ஒட்டியிருந்த தூண்களை நீக்கி, நான்கு தாங்குதூண்களையும் தடித்த கல்கட்டாக மாற்றினார். கட்டடம் பிழைத்தது. ஆனால் நடுவில் நின்று பார்ப்பவருக்குச் சூஃப்ளோ காட்ட நினைத்த தூண்களின் காடு அங்கே முறிந்துபோகிறது. நோயைச் சரியாகக் கண்டுபிடித்த ரோந்தலே, மருந்தாகக் கொடுத்தது பாத் கேட்ட தடிமனைத்தான். அப்போது கையிலிருந்த வழிகளில் வேறு எதுவும் இவ்வளவு நிச்சயமாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இப்போது இரும்புக்கு வருவோம். கல் நசுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இழுவலு நசுக்க வலுவில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். தூண்மேல் படுக்கவைத்த உத்திரத்தின் அடிப்பக்கம் இழுபடுகிறது. நம்மூர் மண்டபங்களில் கருங்கல் ஒரே துண்டாக நீளமாகக் கிடைப்பதாலும், தூண்கள் நெருக்கமாக இருப்பதாலும் அது சமாளிக்கிறது. பெஸ்தும் கோயில்களிலும் தூண்கள் நெருக்கமே. பாரிஸைச் சுற்றிக் கிடைப்பதோ படுகை படுகையாக அமைந்த சுண்ணாம்புக்கல். அகன்ற இடைவெளிக்கு ஒற்றைக்கல் உத்திரம் அதில் வெட்டுவது மிக அரிது. எனவே உத்திரத்தைப் பல ஆப்புக் கற்களாக வெட்டி, அடிப்பக்கம் தட்டையாகத் தெரியும்படி சேர்த்தார்கள். பார்வைக்கு உத்திரம், வேலையில் வளைவு. இதைத் தட்டை வளைவு என்று சொல்லலாம். வளைவென்றால் இரு பக்கமும் உதைக்கும். கோதிக்கில் அந்த உதைப்பை வெளியே நிற்கும் முட்டுவளைவுகள் வாங்கிக்கொள்ளும். சூஃப்ளோவும் ஆலயத்தின் உட்கூடத்துக்கு முட்டுவளைவுகளை வெளிச்சுவரின் பின்னால் மறைத்தே கட்டினார். முகமண்டபத்தின் மெல்லிய தூண்களுக்கு முட்டுக் கொடுக்க வழியில்லை. அங்கே இரும்புதான் வழி.

அளவு புரிவதற்கு ஓர் எடுத்துக்காட்டு (இது என் கணக்கு, பாந்தியோனின் அளவு அல்ல). தூண்களின் மையத்துக்கு மையம் 4 மீட்டர், உத்திரத்தின் உயரம் 1 மீட்டர், அகலம் 1 மீட்டர். மீட்டருக்கு 2.3 டன் சொந்த எடை. உள்ளே விசை ஓடும் வளைவுக்கு 0.7 மீட்டர் எழுச்சி கிடைக்கிறது என்று கொண்டால், உதைப்பு = 2.3 × 4 × 4 ÷ (8 × 0.7), சுமார் 6.6 டன். நடுத்தூண்களில் இருபக்க உதைப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். கடைசித் தூணைத்தான் அந்த 6.6 டன் தள்ளும், அதுவும் தூணின் உச்சியில். தேனிரும்புக்குச் சதுர மில்லிமீட்டருக்கு 8 கிலோ என்று பத்திரமாக வைத்தால் 825 சதுர மில்லிமீட்டர் வேண்டும். அதாவது 30 மில்லிமீட்டர் சதுரக் கம்பி ஒன்று போதும். ஒரு கட்டைவிரலைவிடச் சற்றே தடித்த இரும்பு, டன் கணக்கான முட்டுச்சுவரை மிச்சப்படுத்துகிறது. மேலே கூரைப்பாரம் வந்தால் எண்கள் அதே விகிதத்தில் கூடும். இந்த மிச்சம் எவ்வளவு கவர்ச்சியானது என்று நினைத்துப் பாருங்கள்.

இது சூஃப்ளோ புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. லூவ்ர் அரண்மனையின் கிழக்கு முகப்புத் தூண்வரிசையிலேயே, நூறாண்டுக்கு முன், இதே முறை இருந்தது. பாந்தியோன் முகமண்டபத்தில் அது வலைப்பின்னல்போல் அடர்ந்துவிட்டது. அந்த இரும்புவேலையின் வரைபடத்தை ரோந்தலே பின்னாளில் தம் கட்டுமான நூலில் வெளியிட்டார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இதை வலுவூட்டிய கான்கிரீட்டின் முதல் வடிவம் என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மைதான். இழுப்பு வரும் இடத்தில் இரும்பை வைக்கும் அறிவு ஒன்றே. ஆனால் கான்கிரீட்டில் கம்பி தன் நீளம் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கிறது. கல்லில் அது கொக்கிகளிலும் முனைகளிலும் மட்டும் பிடித்திருக்கிறது. கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. சுண்ணாம்புச் சாந்தின் காரம், அது காற்றில் இறுகி முடிந்ததும் போய்விடுகிறது. அதற்குப் பிறகு ஈரம் வராதவரைதான் இரும்புக்கு ஆயுள்.

ஈரம் வந்தது. கூரை ஈயத் தகட்டின் இணைப்புகள், வாய்க்கால்கள், மழைநீர்க் குழாய்கள், இவற்றில் ஏதாவது ஒன்று கசிந்தால் நீர் கல்லின் இணைப்பு வழியே இறங்கி இரும்பை அடையும். துரு, தான் உருவான இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். கல்லுக்குள் இடம் ஏது? உள்ளிருந்து ஆப்பு அடிப்பதுபோல் கல்லைப் பிளக்கிறது. முதலில் விளிம்பில் மயிரிழை விரிசல், பிறகு பழுப்புக் கறை, பிறகு ஒருநாள் கைப்பிடியளவோ அதைவிடப் பெரிதாகவோ துண்டு விழும். முகமண்டபத்தில் மட்டுமல்ல, உள்ளேயும் கல்லுக்குள் இரும்பு புதைந்திருந்தது; 1980களின் நடுவில் பாந்தியோனுக்குள் விழுந்தவை இப்படிப்பட்டவை. அதனால்தான் உள்ளே வலை கட்டினார்கள், சில பகுதிகளை மூடினார்கள். 2013-ல் குவிமாடத்திலிருந்து பெரிய சீரமைப்பு தொடங்கியது. தூண் விரிசலோடு இதற்குத் தொடர்பு இல்லை.

‘கணக்குத் தெரியாத காலம்’ என்ற எண்ணத்துக்கு ஒரு மறுப்பும் சொல்ல வேண்டும். சூஃப்ளோவுக்கு வேலை கிடைப்பதற்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், உரோமின் புனித பேதுரு குவிமாடத்தில் விரிசல்கள் கண்டு பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் மூன்று கணித அறிஞர்களைக் கேட்டார். பிறகு 1743-ல் பதுவா பேராசிரியர் ஜியோவான்னி போலேனியை அழைத்தார். போலேனி குவிமாடத்தை ஆரஞ்சுச் சுளைபோல் 50 துண்டுகளாகப் பிரித்துக்கொண்டு, எதிரெதிர்ச் சுளைகள் இரண்டு சேர்ந்த ஒரு வளைவுக்குரிய எடையை 32 பங்காக்கி, அந்த விகிதத்தில் உருண்டைகளைச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிட்டார். தொங்கும் சங்கிலி எடுக்கும் வடிவத்தைத் தலைகீழாக்கினால், அதே எடையை நசுக்கத்தால் மட்டும் தாங்கும் வளைவு கிடைக்கும். அந்தக் கோடு கல்லின் தடிமனுக்குள்ளேயே அடங்குகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. அடங்கியது. குவிமாடம் விழாது, ஆனால் அடிப்பகுதி விரிவதைத் தடுக்க இரும்பு வளையம் போடலாம் என்றார். கட்டடக்கலைஞர் வான்விதெல்லி 1743-44-ல் ஐந்து வளையங்களை மாட்டினார். பிறகு பழைய வளையம் ஒன்று அறுந்திருப்பது தெரிந்து இன்னொன்றும் சேர்ந்தது. இன்றும் கல் வளைவுகளைச் சோதிக்க இந்தச் சங்கிலிக் கோட்டைத்தான் கணினியில் வரைகிறோம்.

இதுவரை சொன்னவற்றில் எது உறுதி, எது ஊகம் என்பதையும் பிரித்துவிடுகிறேன். குழிவான படுகை, ஆப்பு, மெல்லிய விளிம்பு இணைப்பு, இவை தூண்களைப் பிரித்துப் பார்த்தவர்களே கண்டவை, உறுதியானவை. பழைய கிணறுகள் நிறைந்த தரை சற்றே சமமின்றி அமுங்கியதும் சேர்ந்திருக்கலாம் என்ற கருத்து நியாயமானது, ஆனால் எத்தனை பங்கு என்று பிரிக்க முடியாதது. சாரத்தை எப்போது, எந்த வரிசையில் தளர்த்தினார்கள் என்பதன் விளைவும் அப்படியே. விமர்சனம் தாங்காமல் மனமுடைந்து சூஃப்ளோ இறந்தார் என்று பல இடங்களில் எழுதியிருக்கும்; அது கதைக்கு நன்றாக இருக்கிறது என்பதைத் தவிர அதை நம்ப வலுவான காரணம் இல்லை. பாந்தியோனில் கல் விழுந்த 1985-க்கு முன் கல் கட்டடங்களில் இரும்பின் ஆபத்து தெரியாது என்பதும் தவறு. ஆதென்ஸின் பழைய கிரேக்கக் கோயிலான பார்த்தெனானில் சீரமைப்புப் பொறியாளர் பலானோஸ் 1898 முதல் 1933 வரை வைத்த இரும்புக் கவ்விகள் பளிங்கைப் பிளந்தது முன்பே தெரிந்த செய்தி. அவற்றை எடுத்துவிட்டு டைட்டேனியம் வைக்கும் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கவனிக்க வேண்டிய வேறுபாடு: பழைய கிரேக்கர் இரும்புக் கவ்வியைச் சுற்றி உருக்கிய ஈயத்தை இடைவெளியின்றி ஊற்றினார்கள். அவர்களுடையவை பல நூற்றாண்டு தாங்கின; ஈயம் இல்லாத புதியவை சில பத்தாண்டுகளிலேயே கல்லை உடைத்தன.

நீங்கள் இத்தகைய கட்டடத்தைப் பரிசோதிக்க நேர்ந்தால் விரிசலின் வடிவமே பாதி விடை சொல்லும். இணைப்புக் கோட்டின் இருபுறமும் சில்லு பெயர்ந்து, அங்கிருந்து நேர்க்குத்தாக விரிசல் ஏறினால் பாரம் விளிம்பில் குவிந்திருக்கிறது என்று பொருள். கல்லின் மூலையை அரைவட்டமாகப் பெயர்த்து, அடியில் பழுப்புக் கறை தெரிந்தால் இரும்பு. வளைவின் உச்சியில் அடியிலிருந்து பிளந்து, தூண்பக்கம் வெளியே சாய்ந்திருந்தால் உதைப்பு. கறை தெரியாவிட்டாலும் உலோகம் காட்டும் கருவியை இணைப்புகளின் மேல் ஓட்டிப் பாருங்கள். விரிசல் நகர்கிறதா என்று அறியக் கண்ணாடித் துண்டையோ அளவுக்குறியையோ ஒட்டிக் குறைந்தது ஒரு முழு ஆண்டு பார்க்க வேண்டும். வெயிலுக்கும் குளிருக்கும் கல் விரிந்து சுருங்குவதால், நான்கு மாத அளவை வைத்து முடிவெடுத்தால் ஏமாறுவோம். முதல் செலவு கூரைக்கும் நீர்வழிக்கும் போகட்டும். தண்ணீரை நிறுத்தாமல் இரும்பை மட்டும் சரிசெய்தால் வேலை மறுபடி வரும். திறந்த இணைப்பைச் சிமெண்டால் அடைக்காதீர்கள். அது சுற்றியுள்ள கல்லைவிடக் கடினம். பாரத்தை மறுபடி விளிம்புக்கே இழுக்கும், ஈரத்தையும் உள்ளே பூட்டிவைக்கும். சுண்ணாம்புச் சாந்தை நீர்க்கச் செய்து, அடியிலிருந்து மேலாக, மெதுவாக, ஒவ்வொரு நாளும் சிறிதளவே செலுத்த வேண்டும். வேகமாக ஏற்றினால் அதன் அழுத்தமே தளர்ந்த முகக்கல்லை வெளியே தள்ளும். லண்டன் புனித பவுலின் தாங்குதூண்கள் வெளியே செதுக்குக்கல், உள்ளே கல்துண்டு நிரப்பு என்று கட்டப்பட்டவை. அங்கே 1920களில் அந்த நிரப்பைக் குழம்புச் சாந்து செலுத்தித்தான் கெட்டியாக்கினார்கள். ஆலயத்தின் பெரும்பகுதியை ஆண்டுக்கணக்கில் மூட வேண்டியிருந்தது.

பாரிஸ் போனால் பார்க்க வேண்டிய இன்னொரு மாற்றமும் உண்டு. இன்று உள்ளே நுழைபவர்கள் அந்த மங்கல் ஒளியைச் சூஃப்ளோவின் திட்டம் என்று எண்ணிவிடுகிறார்கள். அவர் கட்டியது வெளிச்சம் நிறைந்த ஆலயம். சுற்றுச்சுவர்களில் சுமார் 40 பெரிய சன்னல்கள் இருந்தன. 1791-ல் புரட்சி அரசு ஆலயத்தை நாட்டின் பெருமக்களுக்கான நினைவகமாக்கியபோது, பொறுப்பேற்ற கத்ர்மேர் த கான்சி அந்தச் சன்னல்களை அடைத்துச் சுவராக்கினார். வெளிச்சுவர் அப்படி மொட்டையாக நிற்பதற்கு அதுதான் காரணம். பக்கத் தெருவில் நின்று சாய்வான காலை வெயிலில் பார்த்தால், அடைத்த சன்னல்களின் விளிம்பை இன்றும் கல்வரிசையில் கண்டுபிடிக்கலாம்.